தூண்டிலும் பாணரும்: வையைக்கரை மீன்வேட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழர் வாழ்வியலை ஆராய்வோர் போர், காதல், கொடை, வாணிகம் ஆகியவற்றிற்கு அளித்த இடத்தில் ஒரு சிறு பங்கும் ஆற்றங்கரைத் தொழில்களுக்கு அளித்திலர். கடல்மேற் சென்று வலைவீசும் பரதவர் வாழ்வு நெய்தல்திணை பற்றிய ஆய்வுகளில் ஓரளவு விளக்கம் பெற்றுள்ளது. ஆனால், ஒரு மூங்கிற் கோலும், ஒரு நாணும், வளைந்த சிறு இரும்பும் கொண்டு ஆற்றிலும் கயத்திலும் தனித்து நின்று மீன்பிடித்தாரைப் பற்றிய செய்திகள் உவமை என்றும் உள்ளுறை என்றும் கூறி விடுக்கப்படுகின்றன. உவமையாய் நிற்பது பற்றி அச்செய்தி வரலாறு ஆகாது போய்விடாது. கேட்போர் அறியாத ஒன்றைப் புலவர் உவமையாக எடுத்தாளார். ஆதலின் உவமையே அக்காலத்து மக்கள் நன்கறிந்திருந்த பொருளுக்குத் தக்க சான்றாகும்.

தூண்டில்கொண்டு மீன்பிடித்தலை ஒரு கலையாகப் போற்றி நூல் செய்தோர் மேனாட்டாரே என்னும் கருத்து நம்மிடையே நிலவுகிறது. நூல் செய்தார் அவர் என்பது மெய்யே. கலை அவரோடு இந்நாட்டிற்கு வந்தது என்பது மெய்யன்று. இதனை நிறுவுதலும், அக்கலைக்கு உரியராயிருந்த பாணரின் மறந்துபோன ஒரு முகத்தைக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் நீரும்

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட நிலம் கம்பம் பள்ளத்தாக்கு. 1996ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில், மேற்குமலைத் தொடருக்கும் வருசநாட்டு மலைகளுக்கும் இடையே கிடப்பது இப்பள்ளத்தாக்கு. இதன் மேற்கு ஓரத்தில், தேவாரத்திற்கு அருகே மலையடியில் அமைந்த சிற்றூர் பொட்டிப்புரம். நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தால் அண்மைக் காலத்தில் நாளிதழ்களில் இடம்பெற்ற இவ்வூர், ஆற்றங்கரை ஊர் அன்று. மானாவாரிப் புன்செய்க்கும் ஆட்டுக் கிடைக்கும் உரிய மலைச்சாரல் ஊர். எனினும், இங்குள்ளார்க்குக் கோடையில் மீன் என்பது கிழக்கே ஓடும் முல்லையாற்று மடுக்களில் கிடைக்கும் மீனே.

வையை வருசநாட்டு மலைகளில் தோன்றுகிறது. முல்லையாறு கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக வந்து தேனிக்கு அருகே அதனோடு கூடுகிறது. மேற்கே பாய்ந்து கடல் கலந்த பெரியாற்று நீரின் ஒரு பகுதி, பென்னிகுயிக் முன்னின்று 1887 முதல் 1895 வரை கட்டிய அணையாலும் மலையைக் குடைந்த சுரங்கத்தாலும் இப்பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டது. 1959ஆம் ஆண்டில் வையை அணையும் எழுந்தது. ஆகவே, இன்று நாம் காணும் வையை நக்கீரர் கண்ட வையை அன்று என்பதை முதற்கண் நினைவில் நிறுத்தல் வேண்டும். மழைக்காலத்தில் கரைபுரண்டு, கோடையில் மணற்பரப்பாய்க் கிடந்து, ஆங்காங்கு மடுக்களில் மட்டுமே நீர் தேக்கிய ஆறு பண்டைய வையை. நீர் சுருங்கிய அக்கோடை மடுக்களே தூண்டிற்காரனுக்குரிய களம். வெள்ளத்தில் வலைக்கும் பறிக்கும் வேலை உண்டு. தெளிந்து நின்ற நீரிலே கோலுக்கு வேலை உண்டு.

3. சங்க நூற் சான்றுகள்

தூண்டில் பற்றிய சான்றுகளுள் முதலில் கருதத்தக்கது அகநானூற்றின் 36ஆம் பாட்டு. நக்கீரர் பாடியது. பரிய ஆண் வரால் ஒன்று, வளைந்த இரும்பில் கோத்த இரையை விழுங்கிவிடுகிறது. உடனே ஆம்பல் இலையைக் கிழித்து, குவளை மலர்களைச் சிதைத்து, வள்ளைக் கொடிகளைச் சிக்கலாக்கிப் பாய்கிறது. தூண்டில் வேட்டுவன் இழுக்கிறான், அது வரவில்லை. கயிறு பூட்டிய சினமிக்க காளையைப்போல் விடியற்பொழுதில் கயத்தைக் கலக்குகிறது. இதுவே காட்சி.

இங்கு நோக்கற்பாலன மூன்று. முதலாவது, தூண்டிலால் பிடிப்பவனை 'வேட்டுவன்' என்னும் சொல்லாற் குறித்தமை. காட்டில் விலங்கு வேட்டம் ஆடுவோனுக்கு நிகராக அவன் எண்ணப்பட்டான் என்பது இதனாற் புலனாம். இரண்டாவது, மீனை ஆண் என்று விதந்து கூறியமை. வரால் நீர்க்கொடி அடர்ந்த இடத்தில் முட்டையிட்டுப் பார்ப்புக்களைக் காக்கும் இயல்பினது. காவற்பொழுதில் அணுகும் எதனையும் பாய்ந்து கவ்வும். வட அமெரிக்க ஆறுகளில் வேனிற்காலத் தூண்டில் விளையாட்டிற்குப் பெயர்பெற்ற பாஸ் என்னும் மீனும், இனத்தால் வேறாயினும், இவ்வியல்பு உடையதே. அதன் ஆணும் கூட்டைக் காத்துநின்று அணுகுவதைக் கவ்வும். ஆங்குள்ளார் அம்மீனின் போராட்டத்தைப் புகழ்ந்து 1881ஆம் ஆண்டிலேயே தனிநூல் யாத்தனர். நக்கீரர் அதே வகைப் போராட்டத்தை ஆறு ஏழு அடிகளில் அடக்கினார். மூன்றாவது, இப்பாட்டின் பிற்பகுதியிலேயே வையையின் அகன்ற துறையும் மருதமரச் சோலையும் கூறப்படுகின்றன. தலைவன் பரத்தையோடு ஆடியது அவ்வையைத் துறையில்; அதனால் எழுந்த அலர், ஆலங்கானத்துப் போரில் எழுவரை வென்ற நெடுஞ்செழியன் படையின் ஆரவாரத்தினும் பெரிது என்பது பாட்டின் முடிவு. வரால் உழக்கிய கயம் வையையின் மடு என்று பாட்டு வெளிப்படக் கூறவில்லை. ஆதலின் அங்ஙனம் துணிதல் பொருந்தாது. ஆயினும், வையை நாட்டு மருதநிலத்தைக் கண்முன் கொண்டே புலவர் பாடினார் எனல் தகும்.

இரண்டாவது சான்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய இந்நூல் காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாக உடையது. மீன்பிடிப்பதில் வல்ல பாண்மகன் ஒருவன் பச்சிறைச்சியை இட்ட தோற்பையைத் தோளிற் கட்டியிருக்கிறான். நெடிய மூங்கிற் கோலில் நாணைக் கட்டி நீரில் இடுகிறான். வாளைமீன் இரையை மட்டும் கவ்விக்கொண்டு இரும்பைத் தனியே விட்டுத் தப்புகிறது. தப்பிய அம்மீன், பின்னர் நீர்க்கரையில் நிற்கும் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் அஞ்சுகிறது.

தூண்டிற் கருவியின் எல்லா உறுப்புக்களும் இங்கே ஒருசேரக் கூறப்பட்டுள்ளன: கோல், நாண், வளைந்த இரும்பு, இரை, இரை வைக்கும் பை. அதனினும் சிறந்தது இறுதிச் செய்தி. ஒருமுறை தப்பிய மீன் கோலின் நிழலை அறிந்துகொள்ளும் என்பதனை, ஆற்றங்கரையில் நெடுநேரம் நின்று பாராதார் பாடியிருத்தல் இயலாது.

மூன்றாவது சான்று குறுந்தொகை 54. இதனைப் பாடியவர் பெயர் தெரியாமையால், பாட்டில் வந்த உவமைத்தொடரே அவர்க்குப் பெயராகி, மீனெறி தூண்டிலார் என வழங்குகிறது. தினைப்புனங் காப்போர் எறியும் கவணொலிக்கு வெருவிய யானை தான் வளைத்திருந்த பசிய மூங்கிலைக் கைவிட, அது மீன்பிடிக்கும் தூண்டிற்கோல்போல் விசைத்து மேலெழுகிறது என்பது உவமை. பாட்டு குறிஞ்சி, உவமையோ நீர்த்துறைக்கு உரியது. மலையும் ஆறும் ஒருங்கறிந்த ஒருவரே இவ்விரண்டையும் இணைத்திருத்தல் கூடும். மலைமூங்கிலே ஆற்றுத் தூண்டிலாகும் நிலம் கம்பம் பள்ளத்தாக்குப் போன்ற மலையடி நிலமே. அப்புலவரை இந்நாட்டினர் என்று துணிய யாம் முற்படவில்லை. அவர் உவமையின் பொருத்தம் இத்தகைய நிலத்தில் முழுதும் விளங்கும் என்பதே யாம் கூறுவது. இன்னும் ஒன்று இதனால் அறியப்படும். கோல் விசைத்து மேலெழுதல் என்பது மீன் பட்டவுடன் கையை உயர்த்தித் தூக்கும் முறையைக் காட்டுகிறது. நாணைச் சுருட்டும் உருளை இல்லாத கோலுக்கு இதுவே முறை.

திருவள்ளுவரும் சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளில் (931) சூதில் வரும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். ஆங்குப் பொன் என்னும் சொல் இரும்பைக் குறித்து நிற்பது மொழிநூலார் கருதத்தக்கது. இரை கண்ணுக்குத் தெரிகிறது, இரும்பு தெரியவில்லை. கிடைத்ததாகத் தோன்றியதே கொல்லும் என்பது கருத்து.

4. பாணரும் பாண்மகளிரும்

மேற்கூறிய சான்றுகளுள் ஒன்று தூண்டிற்காரனைப் பாண்மகன் என்றே சுட்டியது. இது தனித்த செய்தி அன்று. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார், மீனைக் கொணர்ந்து வட்டியிற் சொரிந்து அதற்கு ஈடாகப் பயறும் பழைய வெண்ணெல்லும் பெற்றுச்செல்லும் பாண்மகளிரை மூன்று பாட்டுக்களில் (47, 48, 49) காட்டுகின்றார். பரணர் பாடிய புறநானூறு 348ஆம் பாட்டில் பாணர் வாழும் சேரியே பிடித்த மீனைச் சீவும் இடமாகக் குறிக்கப்படுகிறது. ஐங்குறுநூற்று நெய்தலில் அம்மூவனார் (111) கழியருகே நாணில் இரை கொளுவிச் சினைக்கயலைப் பிடித்துக் கொல்லும் பாணனைக் காட்டுகின்றார்.

யாழும் பாட்டும் உடையாராகவே பாணரை அறிந்தோம். கூத்தரும் விறலியரும் சூழப் புரவலனை நாடிச் செல்வோராகவே அவரை இலக்கிய வரலாறுகள் வரைந்தன. புரவலன் கொடுக்கும் நாள்கள் ஆண்டில் எத்தனை? கொடாத நாள்களில் அவர் உண்டது என்ன? ஆற்றுப்படைகள் காட்டும் பாணனின் பசிக்கும் பாண்சேரியின் மீனுக்கும் இடையே உள்ள தொடர்பை நோக்கினால், யாழ்நரம்பு கட்டிய கையே தூண்டில்நாணும் கட்டியது எனத் தெளியலாம். இதனை இழுக்கென எண்ணி மறைத்தல் வேண்டா. பாணரின் வாழ்க்கை முழுவதையும் அறிய விரும்புவோர் அவர் கையிலிருந்த இரண்டு கருவிகளையும் காணல் வேண்டும்.

இவற்றுள் யாம் மிகவும் போற்றுவது அகநானூறு 216. ஐயூர் முடவனார் பாடியது. நாண் பூட்டிய மெல்லிய கோலால் பாண்மகள் ஒருத்தி ஆற்றங்கரையில் வரால் பிடிக்கிறாள். அதனை வஞ்சி விறகில் சுட்டு, கள்ளுண்டு இருக்கும் தன் தந்தையின் வாயில் ஊட்டுகிறாள். மீன் விற்கும் பெண்டிரை இலக்கியம் பலவிடத்தும் காட்டும். தானே தூண்டிலிட்டுப் பிடித்த பெண்ணை இங்ஙனம் காட்டுதல் அரிது. அவள் கோல் மெல்லியது. மீனோ நக்கீரர் காளைக்கு ஒப்பிட்ட வரால். தந்தை உழைத்திலன், மகள் பிடித்தாள், சுட்டாள், ஊட்டினாள். தலைவனின் ஊரைச் சிறப்பிக்க வந்த அடைமொழிக்குள் ஒரு குடும்பத்தின் வறுமையும் அன்பும் அடங்கியிருக்கின்றன. உரை கூறுவார் அடையை விரைந்து கடந்து தலைவனை நாடுவர். வரலாறு எழுதுவார் அவ்வடையிலேயே நிற்றல் வேண்டும்.

5. பிறநாட்டு நூல்களும் காலமும்

ஒப்புநோக்கு ஈண்டுப் பயன்தரும். கிரேக்கத்தில் ஹோமர் காப்பியத்திலேயே பாறைமேல் நின்று நெடுங்கோல் வீசும் மீனவன் உவமையாக வருகிறான். கி.பி. 200 அளவில் ஏலியன் என்பார் மாசிதோனியர் ஈயைப்போல் புனைந்த பொய்யிரையால் மீன்பிடித்தமையை விரித்துரைத்தார். ஆங்கிலத்தில் 1496இல் தூண்டில் பற்றிய உரைநூல் ஒன்று அச்சேறியது. 1653இல் ஐசக் வால்டன் நூல் வெளிவந்தது. சங்கப் பாடல்களைக் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளுக்கு உரியனவாகக் கொள்ளும் பெரும்பான்மையோர் கருத்துப்படி, நம் சான்றுகள் ஏலியன் காலத்தை ஒட்டியவை. ஆங்கில நூல்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவை.

இந்நாட்டு ஆறுகளில் தூண்டிலிடுதல் பற்றி விரிவாக எழுதியவர் சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். 'தி ராட் இன் இந்தியா' என்னும் அவர் நூல் 1873இல் மங்களூரில் அச்சாயிற்று. ஏரித் தூண்டில் பற்றி 1887இல் மற்றொரு நூலும் செய்தார். மஹசீர் என்னும் பெரிய ஆற்றுக்கெண்டையே அவர் பெரிதும் புகழ்ந்த மீன். அதே காலத்தில் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் இந்திய மீன்களை வகைப்படுத்திப் பெருநூல் யாத்தார். நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனைக் கொணர்ந்து வளர்க்கும் முயற்சியை 1863இல் தொடங்கியவரும் அவரே. அது பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைகூடியது.

இங்குக் காலத்தை ஊன்றி நோக்குக. தாமஸ் நூல் வெளிவந்தது 1873. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889. ஐங்குறுநூற்றைப் பதிப்பித்தது 1903. மேனாட்டார் தம் தூண்டிற் கலையை இந்நாட்டு ஆற்றங்கரையில் எழுதிய காலத்தில், பெரும்பாணாற்றுப்படையின் வாளை ஓலைச்சுவடியில் உறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, இந்நாட்டிற்குத் தூண்டில் வரலாறு இல்லை என்று அவர் எண்ணியிருப்பின் அதனை அவர் குற்றமாகக் கொள்ளல் ஆகாது. ஏடுகள் அச்சேறி ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் நாம் அங்ஙனம் எண்ணுவோமாயின், அது நம் குற்றமே.

6. கண்கூடு

நூற்சான்றோடு வழக்குச்சான்றும் வேண்டும் என்பது பற்றி, ஒரு சித்திரைத் திங்களில் எம் தாய்மாமனாரோடு முல்லையாற்று மடு ஒன்றிற்குச் சென்று ஒருநாள் முழுதும் உடனிருந்தோம். அவர் எழுபது கடந்தவர், பள்ளி சென்றறியாதவர். கோல் மலைமூங்கில். நாண் மட்டும் இக்கால நைலான் நூல். மண்புழுவைக் கொட்டாங்கச்சியில் ஈரமண்ணோடு வைத்திருந்தார்; விராலுக்கென்று சிறு தவளைகளும் இருந்தன. சங்கநூல் வரால் என்பதனை இந்நாட்டார் விரால் என்பர்.

விடியற்காலை முதல் வெயில் ஏறும்வரை கெண்டை நான்கும் கெளுத்தி ஒன்றும் கிடைத்தன. வெயில் ஏறியபின் யாம் அறியாது அவர்க்குப் பின்னே சென்று கரைமேட்டில் நின்றோம். திரும்பாமலே அவர் சொன்னார்: “மாப்ளே, ஒன் நெழலு தண்ணியில விழுகுது, தள்ளி நில்லு. ஒருக்கா தப்புன மீனு நெழலக் கண்டாலே கிட்ட வராது.”

பெரும்பாணாற்றுப்படையைப் பல ஆண்டுகள் மாணவர்க்குப் பாடம் சொல்லியுள்ளோம். பிரம்பின் நிழலுக்கு வாளை அஞ்சுதலை உயர்வுநவிற்சி என்றே அந்நாள்வரை விளக்கியும் வந்தோம். அது புனைந்துரை அன்று, தொழிலறிவு என்பதனை ஏட்டறியாத முதியவர் ஒருவர் ஒரு சொல்லில் உணர்த்தினார். அன்று பிற்பகல் விரால் ஒன்று தவளையைக் கவ்வியது. கரையோரத்துக் கோரைக்குள் பாய்ந்து நாணை அறுத்துக்கொண்டு சென்றது. மாமனார் வருந்தவில்லை. அம்மடுவில் விரால் இன்னும் இருக்கிறது என்பதே தமக்குப் போதும் என்றார்.

சினைமீன் பற்றியும் வினவினோம். புதுவெள்ளத்தில் எதிரேறும் சினைமீனைத் தூண்டிலிடுவோர் தொடுதல் முறையன்று என்று தம் தந்தையார் விலக்கியதாகக் கூறினார். ஐங்குறுநூற்றுப் பாணன் கொன்றதும் சினைக்கயலே. கயல் என்னாது சினைக்கயல் என்ற அடையில் ஓர் இரக்கக் குறிப்பு உளதென்று கொள்ளுதற்கு இவ்வழக்கு துணைசெய்யும் என்பது எம் கருத்து.

7. இன்றைய நிலை

ஆற்றுமீன் வளத்தின் குறைவு நேற்றுத் தோன்றிய செய்தி அன்று. வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்லுதலைத் தடுத்து 1897ஆம் ஆண்டிலேயே இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. 1907இல் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் சென்னை மாகாண மீன்துறை தொடங்கப்பெற்றது. 1952இல் இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட திலேப்பியா, சிலேபிக் கெண்டை என்னும் பெயரோடு இன்று குளந்தோறும் நிறைந்துள்ளது. அணைகளில் கட்லா, ரோகு முதலிய வடநாட்டுக் கெண்டைகள் விடப்படுகின்றன. காவிரியின் திமில் மஹசீர், 2018இல் அறிவியற்பெயர் உறுதிபெற்ற அதே ஆண்டில், முற்றும் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. பெயர் பெறுதலும் அழிவுக்கு அஞ்சுதலும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை எண்ணற்பாலது.

மீன் அழியுமிடத்து மொழியும் அழிகிறது. வரால், வாளை, கெடிறு, ஆரல், அயிரை, கயல் என்னும் பெயர்களை மாணவர் பொருட்குறிப்பில் ‘ஒருவகை மீன்’ என்று எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். எவ்வகை என்பதை அறியாதார்க்கு நக்கீரரின் காளை உவமை விளங்குமாறு எங்ஙனம்? அயிரை தூண்டிலில் படாது. வலையாலும் துணியாலும் அரிப்பது. வாளை பெரியது, ஊன் இரையை விரும்புவது. வரால் கொடியடர்ந்த நீரில் வாழ்வது. இவ்வேறுபாடுகளை அறிந்தே புலவர் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தனர். வரால் வருமிடத்தில் ஆம்பலும் வள்ளையும் வருதலும், வாளை வருமிடத்தில் ஊன்பை வருதலும் இதனாலேயாம்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கோல், நாண், இரும்பு, இரை ஆகிய உறுப்புக்களோடு கூடிய தூண்டிற் கலை சங்ககாலத் தமிழகத்தில் முழுவளர்ச்சி பெற்றிருந்தது. அக்கலை பெரிதும் பாணர்க்கு உரியது. அவருள் மகளிரும் அதில் வல்லராயிருந்தனர். மேனாட்டில் அது ஓய்வுடையார் விளையாட்டாய் நூலேறியது; ஈண்டு இல்லாதார் உணவாய்ப் பாட்டேறியது. பாட்டிற் காணும் தொழில்நுட்பச் செய்திகள் புனைவு அல்ல என்பதற்கு இன்றும் ஆற்றங்கரை வழக்குச் சான்றாகிறது.

ஆய்வு மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்பாம். வையை, முல்லையாறு, சுருளியாறு ஆகியவற்றின் கரைகளில் மூங்கிற் கோல் பிடிக்கும் முதியோர் இன்னும் சிலர் உளர். மீன், இரை, முடிச்சு, மடு, நீர்நிலை ஆகியவற்றிற்கு அவர் வழங்கும் சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. ஒரு கோடை விடுமுறையில் அவரோடு இருந்து அச்சொற்களைத் தொகுத்தல் அரிய செயல் அன்று. சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார் உ. வே. சா. அவர் கொணர்ந்த ஏடுகளின் பொருளை விளக்கவல்ல மக்களைத் தேடி அலைதல் நம் கடமை. அங்ஙனம் செல்வோர் ஒன்றை மட்டும் மறவாதிருப்பாராக: கரையில் நிற்கும்போது தம் நிழல் நீரில் விழாது நிற்றல் வேண்டும்.